இப்படிக்கு ஊர் பொதுமக்கள்

கடத்தூரில் ஆடு காணாமல் போனாலும் ஆள் போய்ச் சேர்ந்தாலும் முதலில் தெரிவது மைக் செட் பச்சியப்பனுக்குத்தான். ஆட்டோவின் தலையில் ரெண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததைத் தெருத் தெருவாக மூன்று ரவுண்டு வாசித்துக்கொண்டு போவான். இருபத்திரண்டு வருஷத் தொழில். சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். இழவுச் செய்தியைக்கூட அவன் சொன்னால், ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றும். ஒரே ஒரு பழக்கம் மட்டும் அவனுக்கு. எந்த அறிவிப்பானாலும் கடைசியில் "இப்படிக்கு ஊர் பொதுமக்கள்" என்று ஒரு இழுப்பு இழுத்தால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். குடிதண்ணீர் வராததற்கும் அதுதான், ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் அதுதான். ஏனப்பா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்கும் நாளும் வந்தது. அன்று சந்தை. காலையிலேயே போண்டாக் கடை கோவிந்தன் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தான். கோவிந்தன் கடைக்குப் பக்கத்தில் ஆறு மாதத்துக்கு முன்னால் யுவராணி என்ற திருநங்கை ஒரு கடை போட்டிருந்தாள். அவள் போடுவது போண்டா. கோவிந்தன் போடுவது கிரிக்கெட் பந்து. கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோவிந்தனுக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் மாவைக் கொஞ்சம் இளக்கமாகக் கரைத்துப் பார்க்கலாம். அந்த மனுஷன் பேனாவை எடுத்துவிட்டான்.

பச்சியப்பன் படித்துப் பார்த்தான். நெஞ்சில் சுருக்கென்றுதான் இருந்தது. நமக்கென்ன, எழுதினது அவன், வாசிக்கிறது நம் தொழில் என்று மைக்கைப் பிடித்தான்.

"பெரியோர்களே, தாய்மார்களே. ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் திரியும் யுவராணி கடையில் யாரும் சாப்பிடாதீர்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். இந்த மாதிரி ஆட்களை ஊரை விட்டே விரட்ட வேண்டும். இப்படிக்கு ஊர் பொதுமக்கள்."

மூன்று ரவுண்டும் முடித்தான். குரலில் ஒரு பிசிறு இல்லை.

பத்து மணிக்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் நின்றான். எதிரே எஸ்.ஐ. சுகுணா. பெஞ்சில் யுவராணி, அழுது முகம் கழுவி, மறுபடியும் அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"திருநங்கைகளுக்குன்னு சட்டம் இருக்குது, தெரியுமா?" என்றார் சுகுணா. "வாயால பண்ற கொடுமைக்கும் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போகணும்."

பச்சியப்பனுக்கு எங்கேயோ டீக்கடையில் கேட்டது ஞாபகம் வந்தது. "பேச்சு சுதந்திரம்னு ஒண்ணு இருக்குதுங்களே மேடம்."

"நல்லா இருக்குது. பேசுனது யாரு?"

"கோவிந்தன் எழுதிக் குடுத்தானுங்க."

"பேப்பர் எங்க?"

பச்சியப்பன் தலையைச் சொறிந்தான். "கை துடைச்சுப் போட்டுட்டேனுங்க."

"கையில என்ன?"

"எண்ணெய்ங்க."

"என்ன எண்ணெய்?"

இந்தக் கேள்வி வராமல் போகட்டும் என்று அவன் வேண்டாத சாமி இல்லை. "முதல் ரவுண்டு முடிஞ்சதும் பசிச்சுதுங்க. ரெண்டு போண்டா தின்னேன். யுவராணி கடையில."

யுவராணி தலை நிமிர்ந்தாள். அவளுக்கு அழுகை போய் ஆத்திரம் வந்திருந்தது. "ரெண்டு இல்லீங்க மேடம், நாலு. அடுப்புச் சத்தத்துல முதல் ரவுண்டு எங்காதுல விழல, சட்னி ரெண்டு தடவ கேட்டு வாங்கினாரு."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "கோவிந்தனை நாங்க பாத்துக்கறோம். உங்க கதைக்கு வாங்க. இப்படிக்கு ஊர் பொதுமக்கள்னு சொன்னீங்களே, அது யாரு?"

பச்சியப்பன் விழித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவனே அதை யோசித்ததில்லை. "ஊருங்க," என்றான்.

"மேடம், நானு ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றாள் யுவராணி. "இவரு ஒருத்தரு திட்டியிருந்தா நானும் நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன். ஊரே சொல்லுதுன்னு கேட்டதும்தான் கரண்டி கையில நிக்கல. யாரைப் பாத்தாலும் இவங்களும் சொல்லியிருப்பாங்களோன்னு இருக்குது. நெசமாவே ஊருதான்னா, இன்னிக்கே கடையைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

"ஊரே சொன்னாலும் கடையை எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லம்மா," என்றார் சுகுணா.

"கடை போட எனக்கு உரிமை இருக்குதுங்க மேடம். மூஞ்சிய திருப்பிக்கற ஊர்ல உக்காந்து போண்டா போட எனக்குத்தான் மனசு வராது."

சுகுணா பச்சியப்பனைப் பார்த்தார். "கேஸு எழுதறது எழுதத்தான் போறேன். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொதுமக்கள் கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வரலைன்னா, சொன்னது நீங்க ஒருத்தருதான்னு எழுதிக்குவேன்."

பூ, இவ்வளவுதானா என்று பச்சியப்பன் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு முதலில் வீட்டுக்குப் போனான். மனைவி ராணியம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"நான் பொதுமக்கள் இல்லீங்க, உங்க பொண்டாட்டி," என்றாள். "அந்த ஒரு கஷ்டமே எனக்குப் போதும்."

சந்தைக்கு ஓடினான். தக்காளி மண்டி சவுரியப்பன், அறிவிப்பைக் கேட்டபோது தலையை ஆட்டி ரசித்த ஆள்தான். நோட்டைக் கண்டதும் ரெண்டு கையையும் லுங்கிக்குள் மறைத்துக்கொண்டார். "எனக்கு அந்தப் பொண்ணைப் புடிக்காதுப்பா, நெசந்தான். அதை எங்க வூட்டுக்குள்ள சொல்லிக்குவேன். கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். எம் பொண்ணு ஓசூர்ல வேலை செய்யுறா, தெரிஞ்சா போன்கூட எடுக்க மாட்டா."

"அப்ப நீங்க ஊர் பொதுமக்கள் இல்லீங்களா?"

"கோயில் வரிக்கு மட்டும் வெச்சுக்க."

இப்படியே போயிற்று. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் போண்டாவை மென்றுகொண்டே இல்லை என்று தலையாட்டினார். பூக்காரம்மா, யுவராணி கடைச் சட்னிக்கு அரைத்துக் கொடுப்பதே தான்தான் என்று விளக்குமாற்றைத் தேடினாள். நாலு மணிவரைக்கும் நோட்டு வெள்ளையாகவே இருந்தது. வெயிலில் பச்சியப்பனுக்கு நாக்கு தள்ளியது.

நாலரைக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மலைக்குத் திரும்ப பஸ்ஸுக்குக் காத்திருந்த சித்தேரிப் பெண்கள் பதினோரு பேர் நோட்டைப் பிடுங்கி மளமளவென்று எழுதிக் கொடுத்தார்கள். பச்சியப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஓட்டமாக ஸ்டேஷனுக்கு வந்து மேசைமேல் நோட்டை வைத்தான்.

எஸ்.ஐ. புரட்டினார். உதட்டைக் கடித்தார். பிறகு யுவராணியிடம் நோட்டை நீட்டினார். அவள் சத்தமாகப் படித்தாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு சித்தேரிக்கு பஸ் வேணும். சாயங்காலம் பஸ் வேணும். பஸ் கண்டிப்பா வேணும்." பதினோரு கையெழுத்துக்கும் மேலே எழுதியிருந்தது அதேதான்.

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஊர் எழுந்து போனது அவள் முகத்தில் தெரிந்தது. பச்சியப்பனுக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இத்தனை பெரிய பாரத்தையா நாம் தூக்கி வைத்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"கேஸு உங்க இஷ்டம்ங்க மேடம்," என்றான். "நானு போயி மைக்குல சொல்லிட்டு வர்றேன்."

யுவராணியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்பி அவள் கடைக்கு எதிரில் வந்து நின்றது. அவள் இறங்கி அடுப்புக்குப் பின்னால் போய்க் கரண்டியைப் பிடித்துக்கொண்டாள். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே. காலையில் யுவராணியைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய். ஊர் சொல்லவில்லை. சொன்னது தப்பு. மன்னிக்க வேண்டும். இப்படிக்கு..."

அங்கே நின்றுவிட்டது. 'ஊ' என்று வாய் குவிந்தது. அதை மூடினான். அத்தனை வருஷத்தில் தன் பேரை அவன் மைக்கில் சொன்னதே இல்லை. ஸ்பீக்கர் மட்டும் கொய்யென்று கத்திக்கொண்டிருந்தது.

யுவராணி கரண்டியை வைத்துவிட்டு ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணா, யுவராணிங்கிற பேரை ஆதார்ல ஏத்த நானு அஞ்சு வருசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினேன். போற எடமெல்லாம் சிரிச்சாங்க. உங்க பேரு பொறந்தன்னிக்கே சும்மா கெடச்சுது. சொல்லுங்க."

மைக் மூடாமல் இருந்ததால் அதையும் ஊரே கேட்டது.

"இப்படிக்கு," என்றான் அவன், "பச்சியப்பன்."

தக்காளிக் கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல், "எந்தப் பச்சியப்பன்?"

"நான்தானுங்க. மைக் செட்."

"அட, உம் பேரு அதானா?"

பச்சியப்பன் மைக்கை மடியில் வைத்துவிட்டு நெற்றி வேர்வையைத் துடைத்தான். யுவராணி இலையில் ரெண்டு போண்டா வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான். தின்று முடித்து, விரலை விரித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பேப்பர் வேணுமா அண்ணா?" என்றாள் அவள்.

"வேண்டாம்மா," என்று அவசரமாகச் சொல்லி வேட்டியிலேயே துடைத்துக்கொண்டான்.

"அப்ப கெளம்புங்க. இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்குது."