முதலில் ரத்தம், அப்புறம் குளுக்கோஸ்

டாக்டரம்மாவின் பிடிவாதம் லேசுப்பட்ட பிடிவாதம் இல்லை. ஜன்னலோரப் படுக்கையில் இருந்த தையல்காரிக்குச் சர்க்கரை திடீர் திடீரென்று அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வந்தது. கணையத்தில் கட்டி என்றார் அறுவை டாக்டர். திங்கட்கிழமை வயிற்றைத் திறக்க நாளே குறித்துவிட்டார். எல்லாம் நடிப்பு என்றார்கள் நர்சுகள். அட, கண்ணை மூடிக்கொள்ள நடிக்கலாம்; ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்க நடிக்க முடியுமா? காரணம் தெரியாமல் இந்தப் பெண்மேல் கத்தி படக்கூடாது என்று டாக்டரம்மா ஒற்றைக்காலில் நின்றார்.

கோளாறு அந்த வார்டின் நல்ல மனசில் இருந்தது. அவள் சாய்ந்ததும் பதறியடித்துக் குளுக்கோஸை ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு எடுத்த ரத்தம் எதையும் சொல்லாது.

"இந்தத் தடவை முதல்ல ரத்தம், அப்புறம்தான் குளுக்கோஸ். அதுக்குள்ள ஒண்ணும் குடிமுழுகிடாது" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தையல்காரிக்கு வேர்த்துக் கொட்டியது, கண் செருகியது. டாக்டரம்மா தன் கையாலேயே ரத்தம் எடுத்தார். எடுத்த கையோடு குளுக்கோஸும் ஏற்றினார்.

முடிவு வந்தது. சர்க்கரையை இறக்கும் இன்சுலின் எக்கச்சக்கம். ஊசியில் போனதல்ல, உடம்பே சுரந்தது.

"பார்த்தீங்களா, கட்டியேதான்!" என்றார் அறுவை டாக்டர்.

"அவசரப்படாதீங்க சார். சர்க்கரை நோய் மாத்திரையை முழுங்கினாலும் உடம்பு இப்படித்தான் சுரக்கும். அதையும் பார்த்துடலாம்."

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

"இதுதான் சார் வேலை."

ரத்தத்தில் மாத்திரை இருந்தது. வார்டில் யாரும் தவறிக்கூட அதைக் கொடுக்கவில்லை என்பதையும் விசாரித்து உறுதி செய்துகொண்டார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்காகவா இத்தனை பேரோடு மல்லுக்கு நின்றேன்? ஆனால் இவளுக்கு இதில் என்ன லாபம்? தைக்காத நாளெல்லாம் நஷ்டம். ஆதாயத்துக்காகப் பொய் சொல்கிறவள் கத்தி என்றதும் எழுந்து ஓடியிருப்பாள். இவளோ வயிற்றைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டரம்மாவுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது.

திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரத்தத்துல மாத்திரை இருக்கும்மா. திட்ட வரல. ஆபரேஷன் வேண்டாம்னு நிறுத்திட்டேன்."

தையல்காரி தலையணை உறைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"எங்க அம்மாவோடது. அவங்க போனப்புறம் மிச்சம் இருந்துச்சு. வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா? அங்க, சாப்பிட்டியான்னு கேக்கக்கூட ஆள் இல்ல டாக்டரம்மா."

"அனுப்புவேன். ஆனா வாராவாரம் வியாழக்கிழமை வரணும். மனநல டாக்டரும் என்கூட இருப்பாங்க."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லாம எப்படி வர்றது?"

"நடந்து வாங்க. நல்லா இருந்தாலும் வாங்க. வரலேன்னா நான் தேடிட்டு வருவேன்."

வியாழக்கிழமை தையல்காரி நடந்தே வந்தாள். பழக்கதோஷத்தில் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினாள். டாக்டரம்மா அந்தக் கையை மெல்ல மடக்கிவிட்டார்.

"அது அப்புறம். முதல்ல சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"