வெளிநாடு இல்லை, ஊர்தான்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று காலையில் மூன்று கட்டடங்களில் வேலை காத்திருந்தது. கிளினிக்கில் நீட்டிய படிவத்தை நின்றவாக்கிலேயே மளமளவென்று நிரப்பினான். மகளுக்கு வயது ஐந்து. இரண்டு நாளாகக் காய்ச்சல். சமீபத்தில் வெளிநாடு சென்றீர்களா? இல்லை.

பொய் சொல்லும் எண்ணமே அவனுக்கு இல்லை. பத்து நாள் முன்புதான் குடும்பத்தோடு அக்கா வீட்டிலிருந்து திரும்பியிருந்தான். பிழைக்க வந்த நாட்டிலிருந்து அங்கே போய்வர விமானம், பாஸ்போர்ட், முத்திரை எல்லாம் உண்டுதான். ஆனால் அது ஊர். பிறந்து, வளர்ந்து, வாத்தியாரிடம் அடி வாங்கிய இடத்தை எவனாவது வெளிநாடு என்பானா? கிளம்புமுன் மனைவி மலேரியா மாத்திரையைப் பற்றிக் கேட்டபோதும் சிரித்தான்.

"சொந்த ஊருக்குப் போக மாத்திரையா? நம்ம பொண்ணு என் ரத்தம்டி. ஒண்ணும் ஆகாது."

டாக்டர் முன்னால் மகள் சும்மா இருக்கவில்லை. "டாக்டர் மாமா, அத்தை வீட்ல என்னை மட்டும் கொசு கடிச்சுது. அப்பறம் பிளே..."

"ஏய் வாயாடி! பெரியவங்க பேசறப்ப என்ன பேச்சு?" அவள் விரலைப் பிடித்து அவள் உதட்டிலேயே வைத்தான். டாக்டரும் சிரித்துக்கொண்டே காய்ச்சல் மருந்தை எழுதினார்.

மறுநாள் பல் தேய்க்கும்போதே வலிப்பு வந்து விழுந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தாள். "மலேரியா. மூளையைத் தாக்கியிருக்கு. எப்ப வெளிநாடு போனீங்க?"

"போகலீங்களே. ஊருக்குத்தான் போனோம்."

"எந்த ஊரு?"

சொன்னான். அவள் பேனா நின்றது.

"இதை நேத்தே சொல்லியிருந்தா..." அவள் முடிக்கவில்லை. மனைவிதான் முடித்தாள்.

"குழந்தை சொல்ல வந்துச்சு டாக்டர். இவருதான் வாயை அடைச்சாரு."

நரம்பில் மருந்து, வேறு யாரோ கொடுத்த ரத்தம். ஐந்தாம் நாள் கண் திறந்தாள். அம்மாவைத் தெரிந்தது. ஸ்பூன் பிடிக்க வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

"சில குழந்தைங்களுக்குத் திரும்ப வரும். எப்பன்னு சொல்ல முடியாது," என்றாள் டாக்டரம்மா.

இப்போது வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. அங்கேயும் ஒரு படிவம், அதே கேள்வி. 'ஆம்' என்று எழுதி, பிறந்த நாட்டின் பெயரையும் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினான். பிறகு மகள் முன்னால் குந்தினான்.

"சொல்லுடி வாயாடி. பிளேன்ல நாம எங்க போனோம்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு, நல்ல பிள்ளையாக, விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.