பள்ளிகொண்டா வரை முப்பத்தொரு கிலோமீட்டர்

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஏழே வீடுகள் இருக்கும் ஒரு சந்தில் நின்ற இளம்பரிதியின் வெள்ளைக் கார் ஆறரை ஆண்டுகளில் ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. அதில் பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை அது வாசலில் நின்றபடியே ஓடியது. செவ்வாய்க்கிழமைதோறும் பகல் பதினொன்று பத்துக்குப் பின்கதவு மெல்லச் சாத்தும் சத்தம் கேட்கும். உடனே பேட்டரி செத்துப்போகும். பன்னிரண்டு மணிக்குத் தானாகவே உயிர் வந்துவிடும். இடையில் மீட்டரில் முப்பத்தொரு கிலோமீட்டர் கூடியிருக்கும், பெட்ரோல் ஒரு சொட்டும் குறைந்திருக்காது. வண்டிக்கு அடியில் நிழலுக்குப் படுத்த நாய் தலையைக்கூடத் தூக்கியிருக்காது.

சந்தின் முனையில் இருக்கும் மின்கம்பத்தைத் தாண்டி வால் நீண்ட வண்டி எதுவும் திரும்பாது என்பதால், பின்பக்கத்தை வெட்டிவிட்டதுபோல் இருக்கும் சின்னக் காரைத்தான் அவர்களால் வாங்க முடிந்தது. இரண்டாயிரத்துப் பதினெட்டு ஆடியில் வாங்கினார்கள். ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை என்று கடைக்காரர்கள் விலையைக் குறைக்கிறார்கள். விலை குறைகிறதே என்று கொஞ்சம் பேர் ஆடியிலேயே எடுத்துவிட்டு, ஆவணி பிறக்கும்வரை ஓட்டாமல் வைத்திருக்கிறார்கள். இளம்பரிதியும் அப்படித்தான் செய்தான். ஷோரூம் டிரைவர் கொண்டுவந்து நிறுத்திய இடத்திலேயே நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தான். ஆவணி முதல் தேதி, வெள்ளிக்கிழமை, பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பி, பள்ளிகொண்டா ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அவன் அப்பா வாழ்நாளில் ஒரு தேங்காய் உடைத்தவர் இல்லை. பிள்ளைக்கு இந்தப் பெயர் வைத்ததே அந்தக் கொள்கையில்தான். பிள்ளையும் கோவில் குளம் என்று அலைந்தவன் இல்லை. ஆனால் பதினாறு வருடம் தோல் தொழிற்சாலையில் தோலைப் புரட்டித் தரம் பிரித்துச் சேர்த்த காசில் வந்த வண்டி. அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அப்பாவின் கொள்கையைவிடப் பெரியதாக இருந்தது. அவன் மனைவி மேகலா சிரித்தாள். அந்த வாரம் அவன் லீவு போட்டுவிட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீடு சத்தார் பாயுடையது. அவர் மனைவி ஃபரீதாவும் மேகலாவும் ஒரே ஷூ கம்பெனியில், மேல்பாகம் தைக்கும் வரிசையில், அடுத்தடுத்த மிஷினில் உட்கார்ந்தவர்கள். அந்த வரிசையில் ஃபரீதாவின் தையலுக்கு ஒரு பெயர் இருந்தது. அவள் தைத்த கோட்டின் மேல் சூப்பர்வைசர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்கேல்தான் கோணல் என்பாராம். கார் வந்த அன்று மாலை அவள் உள்ளே ஏறி நான்கு இருக்கையையும் தடவிப் பார்த்தாள். "இன்னா மேகலா, துணி சீட்டு. தோல் ஊர்ல இருந்துகினு துணி மேல உக்காருவியா? நான் தெச்சுத் தர்றேன்" என்றாள். தொழிற்சாலையில் எடைக்கு வாங்கிய கருந்தேன் நிறத் தோல் துண்டுகள் ஒரு பை நிறைய அவள் வீட்டுப் பரணில் இருந்தன. வெட்டும் இடத்தைக் குறிக்கும் வெள்ளி மைப் பேனாவை எடுத்துவந்து மூன்று இருக்கைக்கு அளவெடுத்தாள். டிரைவர் இருக்கைக்கு எடுக்கும் முன் மசூதியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். மீதியை நாளைக்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஆவணி பிறக்க மூன்று நாள் இருந்தது. மேகலா வேலைக்குப் போயிருந்தாள். பதினொன்று பத்துக்குச் சத்தார் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"பரிதி, வண்டிய எடு. ஃபரீதாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணிகிச்சு, வலது கை தொங்குது. தெருமொன டாக்டரு ஒடனே வேலூர் கொண்டுபோவ சொல்றாரு. ஆம்புலன்ஸு வாணியம்பாடிகிட்ட இருக்குதாம்."

இளம்பரிதி கையில் துடைக்கிற துணியோடு நின்றான். வண்டியைப் பார்த்தான். சக்கரத்துக்கு முன்னால் இருந்த பழத்தைப் பார்த்தான். முதல் பயணமே நோயாளியோடு என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்து போக எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவுதான் ஆனது.

"பேட்டரி போய்ட்ச்சு பாய். காலைலேர்ந்து ஸ்டார்ட் ஆவல."

சத்தார் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டு, "சரி விடு" என்று சொல்லித் தெருமுனைக்கு ஓடினார். ஆட்டோ கிடைத்தது. மாதனூரில் அது பஞ்சரானது. வேறொரு ஆட்டோ பிடித்துப் போனார்கள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி நூறடி போவதற்குள் ஃபரீதா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஊசியிலேயே சரிசெய்திருக்கலாம் என்று வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சத்தார் சந்தில் எல்லோரிடமும் சொன்னார். இளம்பரிதியிடமும் சொன்னார், அதே குரலில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு அந்தப் பொய் உண்மையானது. பேட்டரியை மாற்றினார்கள். புதிய பேட்டரியும் அடுத்த செவ்வாய் செத்தது. வேலூர் சர்வீஸ் சென்டரில் இரண்டு வாரம் வைத்திருந்து ஒயரையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வேண்டாமே என்று யோசனை சொன்னார்கள். மற்ற ஆறு நாளும் அது தங்கமான வண்டி. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனது, குடியாத்தத்தில் மூன்று கல்யாணத்துக்குப் போனது, அணைக்கட்டிலிருந்து டிக்கி நிறைய மாங்காய் ஏற்றிவந்தது, ஏசி போட்டாலும் லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்தது. ஊரடங்கில் நெடுஞ்சாலையில் ஈ காக்கை இல்லாத மாதங்களிலும் வாரம் முப்பத்தொரு கிலோமீட்டர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை மாலையே இளம்பரிதி வண்டிக்கு உறை போட்டுவிடுவான். ஒருமுறை குடியாத்தத்து லுங்கி வியாபாரி ஒருவருக்கு விற்றும் பார்த்தான். திங்களன்று ஓட்டிப்போனவர் புதனன்று கொண்டுவந்து நிறுத்திவிட்டு, காரணம் சொல்லாமல் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

தைக்கப்பட்ட தோல் முதலில் தென்பட்டது இரண்டாயிரத்துப் பத்தொன்பது கோடையில். பின்னிருக்கையின் இடது மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, கருந்தேன் நிறத்தில் ஒரு துண்டு. அடுத்த செவ்வாய்க்குப் பிறகு அதை ஒட்டி இன்னொன்று. மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது, பிறகு ஒரே மாதத்தில் மூன்று துண்டு சேரும். மேகலா பார்த்த உடனே தோலை அடையாளம் கண்டாள். தையலைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. முடிச்சு ஃபரீதாவின் முடிச்சுதான், கடைசியில் மூன்று முறை திருப்பி அடித்து நூலைப் பல்லால் கடித்தது. கோடு மட்டும் குடிகாரன் நடைபோல் இருந்தது. இரண்டு நாள் யோசித்தபிறகு அவளுக்கு விளங்கியது. வலது கை தொங்கிப்போனவள் இடது கையால் தைத்தால் இப்படித்தான் போகும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருக்கைகள்மேல் பழைய போர்வை விரித்து வைத்தாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று பிப்ரவரியில் எல்லா வண்டிக்கும் கண்ணாடியில் பாஸ்டேக் என்ற சுங்கச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். அதற்கு மேகலாவின் கைப்பேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, மிஷினில் இருந்தபோது, பதினொன்று ஐம்பதுக்கு அவள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அவர்கள் வண்டி பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை வேலூர் திசையில் கடந்திருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டாள். வண்டி வாசலில்தான் இருந்தது என்று இளம்பரிதி சொன்னான். திரும்பி வந்ததற்கு ஏன் செய்தி இல்லை என்று அவள் கேட்டாள். அப்போதுதான் அவன் எலுமிச்சம்பழத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான். மேகலா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"சத்தார் பாய்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது கோள் மூட்றதா போய்டும்."

"சொன்னா அந்த மனுசன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"இப்ப மட்டும் எப்டி முழிக்கிறீங்களாம்?"

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. சண்டை எதுவும் போடவில்லை. சமைத்தாள், சிரித்தாள், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள். ஆனால் எங்கே போவதானாலும் பஸ்ஸில் போனாள். குடியாத்தத்துக் கல்யாணங்களுக்கு அவன் காரிலும் அவள் பஸ்ஸிலும் போய், மண்டப வாசலில் சந்தித்துச் சேர்ந்து உள்ளே போனார்கள். நான்கு வருடம் இப்படிப் போனது. அதற்குள் பின்னிருக்கை முழுவதும், முன்னால் இடது இருக்கையும் தோலாகிவிட்டன. டிரைவர் இருக்கை மட்டும் ஷோரூமிலிருந்து வந்த சாம்பல் துணியோடு இருந்தது. அதன் பக்கம் ஒரு ஊசிகூடப் போகவில்லை. இளம்பரிதி அதில் உட்கார்ந்து ஓட்டும்போது முதுகு சில்லென்று இருப்பதாகச் சொல்வான். சித்திரை வெயிலிலும் சொல்வான்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை மாலை சத்தார் வந்தார். பேரணாம்பட்டில் இருக்கும் தம்பி அழைத்துக்கொண்டே இருக்கிறான், அங்கேயே போய்விடுகிறேன் என்றார். வீட்டுச் சாவியை இளம்பரிதியின் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்கிட்டயே இருக்கட்டும் பரிதி. வேற யார நம்பறது?"

சாவி இரண்டு விரல் நீளம்தான். அதைப் பிடித்திருக்க அவனால் முடியவில்லை. வாசல் திண்ணைமேல் வைத்தான்.

"பாய், அன்னிக்கு பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்" என்றார் சத்தார்.

மேகலா உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு எலுமிச்சம்பழத்தயும் பாத்தேன். பேட்டரி போன வண்டின்னா நீ மெக்கானிக்க தேடினு போயிருப்ப. நின்னு கண்ணாடியா தொடச்சினு இருப்ப?"

"ஆறர வருசமா ஒரு வார்த்த கேக்கலியே பாய்."

"கேட்டா நீ இல்லன்னுவ. அப்புறம் ரெண்டு பொய்யாய்டும். ஒண்ணோட பக்கத்து வூட்ல இருக்கறதே பேஜாரா இருந்துச்சு. ஈத்துக்கு பிரியாணி குடுத்து அனுப்பறப்ப ஒவ்வொரு வாட்டியும் நெனச்சேன், இன்னிக்கு சொல்லுவான், இன்னிக்கு சொல்லுவான்னு."

இளம்பரிதி அழுதான். சத்தார் அவனைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. மேகலாதான் கார் உறையை இழுத்தாள், கதவைத் திறந்தாள், விரித்திருந்த போர்வையை எடுத்தாள். சத்தார் குனிந்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது அவ சேத்து வெச்ச தோலாச்சே. பரண்ல பை காலியாய்கினே வந்துச்சு. எலி இழுக்குதுன்னு ரெண்டு வாட்டி மருந்து வெச்சேன்." கோணல் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். "ஃபரீதாவா இப்டி தெச்சா? ஒரு கோடு நேரா இல்ல."

"வலது கை வரலியே பாய்" என்றாள் மேகலா. பிறகு செவ்வாய்க்கிழமைகளைப் பற்றிச் சொன்னாள். கைப்பேசியில் இருந்த செய்திகளைக் காட்டினாள். இருநூறு செய்தி, எல்லாம் ஒரே திசை. சத்தார் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"தனியாவா போய்னு இருக்கா?" என்று கேட்டார். அவர் திண்ணைமேல் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு செவ்வாகெழம. லீவு போடு பரிதி."

மறுநாள் பதினொரு மணிக்குச் சத்தார் வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பையில் தண்ணீர் பாட்டிலும் ஃபரீதாவின் ஆதார் அட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். பின்னிருக்கையில் ஓரமாக, மடியில் ஒருவர் தலைவைத்துப் படுக்க இடம் விட்டு, உட்கார்ந்தார். இளம்பரிதி சாம்பல் துணி இருக்கையில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே பெல்ட் போட்டுக்கொண்டான். சந்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். பதினொன்று பத்துக்கு மூடியிருந்த பின்கதவு இன்னொருமுறை சாத்திக்கொண்டது. வண்டி அசையவில்லை. ஆனால் உள்ளே இருந்த இரண்டு பேரும் சந்து முனைத் திருப்பத்துக்கு இடப்பக்கம் சாய்ந்தார்கள், வேகத்தடைகளுக்குத் தூக்கிப் போடப்பட்டார்கள். இளம்பரிதியின் வலது கால் பெடலை அழுத்திய அழுத்தில் அவன் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. சத்தாரின் கை மடிமேல் எதையோ விடாமல் தடவிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஹலீமா பீ வெயிலுக்குக் குடை பிடிக்கலாமா என்று கேட்டதற்கு, மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்கு அடியில் நாய் தூங்கியது.

மேகலாவுக்குக் கம்பெனியில் பதினொன்று நாற்பத்தைந்துக்கு ஒரு செய்தி வந்தது. இரண்டு முப்பத்தைந்துக்கு இன்னொன்று வந்தது, ஆம்பூர் திசையில். அவள் பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது இருவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மீட்டரில் நூற்று நான்கு கிலோமீட்டர் ஏறியிருந்தது. சத்தாரின் சட்டையில் ஆஸ்பத்திரி வாசனை அடித்தது.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அங்க கூட்டம் ஜாஸ்தி." சத்தார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நேரத்துக்கு போய்ட்டோம். அடுத்த செவ்வாகெழம ரிவ்யூக்கு வரச் சொல்லிகிறாங்க."

அதனால் அவர் பேரணாம்பட்டுக்குப் போகவில்லை. மறுநாள் காலை மேகலா முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, கம்பெனியில் விடச் சொன்னாள். அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு ஆண்களும் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் வண்டியில் வேலூர் போய்வருகிறார்கள். சந்துக்காரர்கள் அந்த நேரத்தில் வண்டிப் பக்கம் பந்து போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மாலையில் இப்போது எப்படி இருக்கிறது என்று சத்தாரிடம் விசாரிக்கிறார்கள். வாய் சரியாகிவிட்டது, விரல் அசைகிறது, டம்ளர் பிடிக்கிறாள் என்று அவர் சொல்கிறார். டிரைவர் இருக்கை அப்படியேதான் இருக்கிறது, சாம்பல் துணியோடு. இளம்பரிதி அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

போன ஆவணியில், ஒரு புதன்கிழமை காலை, வண்டியைத் துடைக்கப் போன மேகலா அவனைக் கூப்பிட்டாள். டிரைவர் இருக்கையின் மேல், தோள்பட்டை படும் இடத்திலிருந்து இடுப்பு வரை, வெள்ளி மையில் ஒரு கோடு போட்டிருந்தது. அளவெடுக்கிற கோடு. மேகலா உள்ளே போய்ப் பழைய ஸ்கேலை எடுத்துவந்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

கோடு நேராக இருந்தது.