ஒரே கம்பெனி, ஒரே கோத்திரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். காளிகாட்டுக் காளி மேல் ஆணை. அவள் போதாதென்றால், லேக் பக்கத்துப் பிள்ளையார் மேலும் ஆணை. 1993 ஆவணியில், அதே காளி ஊரின் டாக்குரியாப் பேட்டையில் நடந்தது.

துறைமுக ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் குருமூர்த்தியின் வீட்டுக் கூடத்தில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. மேலே இருந்தது ப்ரீ-ஆம்ப். கேஸட்டிலிருந்து பாட்டை வாங்கி, எவ்வளவு சத்தம் வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் வேலை. கீழே இருந்தது பவர் ஆம்ப். மேலே தீர்மானித்ததை ஸ்பீக்கர் அதிரக் கத்துவது அதன் வேலை. "நம்மாத்து ஏற்பாடுதான்" என்பாள் அவர் மனைவி கோமதி. இருவரில் யார் எது என்று அவள் விளக்கியதில்லை.

இரண்டும் ஒரே கம்பெனி. பன்னிரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு ப்ரீ-ஆம்ப் மட்டும் கண்ணை மூடியது. கம்பெனி அதற்கு முன்பே கதவை மூடியிருந்தது.

வேறு கம்பெனி ப்ரீ-ஆம்ப் ஒன்றைச் சாந்தினி மார்க்கெட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான் அனிர்பான். சால்ட் லேக்கில் எஞ்சினியர். குருமூர்த்தியின் பெண் மேக்னாவோடு ஜாதவ்பூரில் படித்தவன். அவளைக் கல்யாணம் பண்ணிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மூன்று மாதமாகக் காத்திருப்பவன்.

"வேற வேற கம்பெனி ஒட்டாது" என்றார் குருமூர்த்தி.

"பெட்டியச் சொல்றேளா அப்பா, எங்களச் சொல்றேளா?" என்றாள் மேக்னா.

"ரெண்டையும்தான்."

"ஒரே கம்பெனின்னா ஒரே கோத்ரமாச்சேன்னா!" என்று சமையலறையிலிருந்து கோமதி குரல் கொடுத்தாள். "அண்ணா தங்கைக்குக் கல்யாணம் பண்ணி வச்சு, பன்னண்டு வருஷமா நடுக்கூடத்துலயா வச்சிண்டிருந்தேள்?"

வாதத்தில் தோற்றால் சபதம் போடுவது குருமூர்த்தியின் வழக்கம்.

"சரி. இந்த ரெண்டு பெட்டியும் இரைச்சல் இல்லாம சேர்ந்து இருக்கட்டும், அன்னிக்கே சம்மதம். நாலு ஞாயித்துக்கிழமை பார்ப்பேன். அதுக்கப்புறமும் இரைஞ்சா, இந்தப் பேச்சே கிடையாது."

முதல் ஞாயிறு ஸ்விட்சைப் போட்டதும் 'ஹூம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. எதிர்வீட்டு வங்காளி மாமி மாஷிமா, யாரோ அந்திச் சங்கு ஊதுகிறார்களென்று நட்டநடுப் பகலில் தானும் சங்கு ஊதினாள். தெருவில் போனவர்கள் ரயில் ஊதுகிறதென்று ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். அவர்களில் மூன்று பேர் வராத ரயிலில் ஏறியும் விட்டார்கள்.

இரண்டாம் ஞாயிறு அனிர்பான் வயரை மாற்றினான். இரைச்சல் போகவில்லை, ஆனால் சுருதி சேர்ந்தது. கோமதி அதை வைத்துக்கொண்டு ஒரு வர்ணம் முழுக்கப் பாடி முடித்தாள்.

மூன்றாம் ஞாயிறு அனிர்பான் தரையில் உட்கார்ந்து, மேக்னாவிடம் கற்ற தமிழில், 'மாமா' என்பதை மட்டும் வங்காளத்திலேயே வைத்துக்கொண்டு, நோயைச் சொன்னான்.

"ரெண்டுக்கும் தனித்தனி எர்த், மேஷோமோஷாய். இது சொல்றது, என் மண்ணுதான் மண்ணு. அதுவும் சொல்றது, என் மண்ணுதான் மண்ணு. நடுவுல வயர் அழறது."

"இதுல வயர் யாருடா?" என்று கேட்டார் குருமூர்த்தி. கேட்டிருக்க வேண்டாம். நிலைப்படியில் மேக்னா நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே மண்ணு குடுத்தா சரியாகும். ஆனா செவுரு உடைக்கணும்."

வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடாதவர்.

அந்த வாரம் முழுவதும் ஆபீஸ் விட்டு வந்ததும் குருமூர்த்தி பெட்டிகளின் எதிரே உட்கார்ந்து அந்த இரைச்சலைக் கேட்டார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இருபத்தெட்டு வருஷம். ஆபீசில் வங்காளத்தில் திட்டுகிறார், வீட்டில் தமிழில் திட்டு வாங்குகிறார். இதில் எது தன் மண் என்று யாராவது கேட்டால் அவரும் 'ஹூம்ம்' என்றுதான் சொல்லியிருப்பார். சம்மதம் என்ற சொல் உள்ளே எப்போதோ தயாராகிவிட்டது. ஆனால் சபதத்தை எல்லார் முன்னாலும் போட்டாகிவிட்டது. அதை வாபஸ் வாங்க அவருக்கு வழி தெரியவில்லை.

நான்காம் ஞாயிறு, காலை பத்தரை மணி.

"கடைசித் தடவை" என்றார். வேறு யாரையும் தொடவிடாமல் தானே ஸ்விட்சைப் போட்டு, வால்யூமைக் கோடி வரை திருப்பினார். நால்வரும் ஸ்பீக்கரில் காது வைத்தார்கள்.

இரைச்சல் இல்லை. கூடத்துப் பல்லி எச்சில் விழுங்கியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலையேன்னா!" என்றாள் கோமதி, பனைவிசிறியால் விசிறிக்கொண்டே. "கேஸட் போடட்டுமா?"

"வேண்டாம். சபதம் இரைச்சலுக்குத்தான். பாட்டுக்கு இல்லை."

அனிர்பான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பார்த்தான். "மேஷோமோஷாய், ஆனா..."

மேக்னா அவன் காலை மிதித்தாள்.

"ஆனா என்ன?" என்றார் குருமூர்த்தி, அவன் கண்ணையே பார்த்து.

"ஆனா... பொருத்தம் ரொம்ப நன்னா இருக்கு."

குருமூர்த்தி துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பன்னண்டு வருஷத்துல இவ்வளவு அமைதியா ரெண்டு பெட்டி இந்தாத்துல இருந்ததில்லை. கோமதி, பஞ்சாங்கத்தை எடு."

அன்று காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை டாக்குரியாவில் கரண்ட் இல்லை.