சிங்கராசா மூன்று தரம் மலை ஏறியது

கடற்கரை ஊரான பேசாலையில் பிறந்த மனிதருக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? சிங்கராசா தன் ஐம்பத்தெட்டு வயதில் ஏறிய ஆக உயர்ந்த இடம் கோயில் கூரை, அதுவும் திருவிழாவுக்கு மின்குமிழ் கட்ட. அப்பேர்ப்பட்டவரைச் சித்திரை விடுமுறையில் சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள் அவர் மனைவி அன்ரோனெற். பக்தி என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். உள்ளே இருந்தது முழுக் கள்ளம்.

போன புரட்டாதியில் சிங்கராசாவின் நெஞ்சுக்குள் சின்னக் கம்பிக் குழாய் ஒன்று வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து டொக்டர், இனிக் கடலுக்கு மீன்பிடிக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டார். டொக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். போட் வருகிறதா என்று கரையில் நின்று பார்க்கப் போவது அவரா? அன்ரோனெற் ஒரேயடியாக மறுத்தாள். மனிதரோ சோற்றை அளைந்துகொண்டு, மழைக்கு ஒதுங்கிய கோழி மாதிரி வீட்டுக்குள்ளேயே திரிந்தார். பார்க்கச் சகிக்காமல் அவளே ஒரு ஒப்பந்தம் சொன்னாள். ஹற்றன் பக்கம் படிப்பிக்கும் மகள் கிருஷிகாவிடம் போவது. மலையில் பெரிய அருவி வரைக்கும் ஏறுவது. வழியில் ஓரிடத்திலும் இளைப்பாறக் குந்தாமல் ஏறினால் கடலுக்குப் போகலாம், குந்தினால் போட்டை விற்றுவிட வேண்டும். மடுமாதா மேல் சத்தியம்.

அருவி வரைக்குமான பாதை சின்னப்பிள்ளைகளும் துள்ளிக்கொண்டு போகிற பாதை என்பது அவளுக்குத் தெரியாது. மலை என்றால் மலைதானே என்று நினைத்துவிட்டாள். அவளும் பேசாலைக்காரிதான்.

நூறு படி ஏறியும் சிங்கராசாவுக்கு மூச்சு வாங்கவில்லை. அன்ரோனெற்றுக்குத்தான் வாங்கியது. அவள் இடுப்பில் கை வைத்து நின்ற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரி அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள்.

"எங்கங்கய்யா போறீங்க?"

சிங்கராசா அப்படியே நின்றார். பிறகு திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கினார்.

"ஐயோ, அப்பா!" என்றாள் கிருஷிகா.

தொழிலுக்குப் புறப்பட்டவனை எங்கே போகிறாய் என்று கேட்டால் போன காரியம் சரிவராது. திரும்பி வந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து புறப்பட வேண்டும். சிங்கராசாவின் வீட்டில் அதுதான் சட்டம்.

"இது மலையப்பா, கடலில்லை!"

"வெளிக்கிட்டா எல்லாம் ஒண்டுதான்" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அவர்கள் வந்த வான் வண்டி வரைக்கும் இறங்கி, போத்தல் தண்ணீர் குடித்து, மறுபடி ஏறி வந்தார். அப்போதும் களைக்கவில்லை. ஆனால் அன்ரோனெற்றின் தலைக்குள் ஒரு யோசனை வந்து குந்திவிட்டது.

பாதி வழியில் சின்ன அருவி. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண் அன்னாசி வெட்டி விற்றுக்கொண்டிருந்தாள். அன்ரோனெற் விறுவிறென்று முன்னால் போனாள். "தங்கச்சி, பின்னால ஒரு மீசைக்காரர் வாறார். எங்க போறீங்கள் எண்டு அவரை ஒருக்காக் கேளும்."

"அம்மா, பாவமம்மா" என்றாள் கிருஷிகா.

"நீ பேசாமல் அன்னாசியைத் தின்."

அன்னாசிக்காரி கேட்டாள். சிங்கராசா அவளைப் பார்த்தார், அன்ரோனெற்றைப் பார்த்தார், மீசையைத் தடவினார், இறங்கிப் போய்விட்டார்.

இந்தத் தரம் மனிதர் கட்டாயம் எங்கேயாவது குந்துவார். அன்ரோனெற் படியில் சாய்ந்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அன்னாசியை ருசித்துத் தின்றாள். அந்தச் சந்தோசம் அரை மணித்தியாலம் இருந்தது. முக்கால் மணித்தியாலமும் போன பிறகு மிச்ச அன்னாசியை மகளிடம் தள்ளிவிட்டாள். போனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் ஆனதும் எழும்பி நின்று கீழே எட்டிப் பார்த்தாள். கடல் கொண்டுபோய்விடும் என்று பயந்து, மலைக்குக் கூட்டிவந்து என் கையாலேயே கொன்றுவிட்டேனே! மாதாவே, சத்தியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஆளைத் தா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினாள்.

முதல் வளைவிலேயே சிங்கராசா எதிர்ப்பட்டார். தோளில் யாரோ பெற்ற மூன்று வயதுப் பெண்பிள்ளை. பின்னால் அதன் தாயும் தகப்பனும் நாக்குத் தள்ள வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்கயும் குந்தினீங்களோ?" அவள் குரல் அழுகையில் உடைந்தது.

"இவ குந்த விட்டாத்தானே. நிண்டாலே காதைப் பிடிச்சு முறுக்குறா."

பெரிய அருவிக்குப் போனதும் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவினார். மகள் அந்தப் பக்கம் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, "அன்னாசிக்காரியைக் கேக்கச் சொன்னது நீதானே?" என்றார்.

அன்ரோனெற்றுக்கு முகம் கறுத்தது. "தெரிஞ்சுகொண்டும் ஏன் திரும்பினீங்கள்?"

"முப்பது வருசமாத் திரும்புறன். எனக்கு உந்தச் சகுனத்தில ஒரு நம்பிக்கையும் இல்லை."

"என்ன?"

"நீதானே நம்புறனீ. ஆரும் கேட்ட பிறகும் நான் போயிட்டா, வருமட்டும் பச்சைத்தண்ணியும் குடியாமல் கரையில நிப்பாய். இண்டைக்கு நீயே கேக்க வைச்சாலும் கேட்டது கேட்டதுதான். பிறகு இருந்து பயப்பிடப் போறது நீதானே."

அன்ரோனெற் அழுதாள், மறைக்காமலே அழுதாள். முப்பது வருடம் இந்த மனிதருக்காகத் தான் மட்டும்தான் பயந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள்.

"விசர் மனிசன்" என்றாள். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை தொழிலுக்குப் போங்கோ. நான் ஒண்டும் கரைக்கு வரமாட்டன். வீட்டில நல்லா நித்திரை கொள்ளுவன்."

"ஓமோம்" என்றார் சிங்கராசா, அதில் ஒரு சொல்லையும் நம்பாமல்.