சத்தமில்லாத வகுப்பு

அந்தச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்த வேண்டுமென்றால் முதலில் வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆராதனை நடக்கும் கூடத்துக்கும் பிள்ளைகளின் அறைக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் அந்தப் பக்கம் போதகரின் பிரசங்கம் தடுமாறும். பெரியவர்கள் பரலோகத்தைப் பற்றிக் கேட்டு முடிக்கும்வரை பிள்ளைகள் மூச்சு விடக் கூடாது, ஆனால் வேத வசனம் மட்டும் தலைகீழ்ப் பாடமாக வந்துவிட வேண்டும். நல்ல கதைதான் போங்கள்.

அதற்கு டீச்சரக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மற்ற நாட்களில் அவள் தையற்கடைக்காரி. கடையில் மெஷின்கள் ஓடும் இரைச்சலில் கத்திப் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வானேன் என்று, அங்கே எல்லோரும் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்கள். அந்த வித்தையை அப்படியே இங்கே கொண்டுவந்தாள். அவள் சத்தமில்லாமல் வார்த்தை வார்த்தையாக வாயசைப்பாள், பிள்ளைகள் பார்த்துச் சத்தமில்லாமல் திருப்பிச் சொல்லும். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால் மீன்தொட்டி மாதிரி இருக்கும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் கில்லாடிகள். அவள் உதட்டைக் குவிக்கும்போதே எந்த வசனம் வரப்போகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

வினையே அங்கேதான் வந்தது.

வருடாந்திரத் தேர்வுக்கு அன்பைப் பற்றிய அதிகாரம் வைத்திருந்தார்கள். அறிவு ஓய்ந்துபோகும், பேச்சு ஓய்ந்துபோகும், எல்லாம் போன பிறகும் அன்பு நிற்கும் என்று சொல்கிற அதிகாரம். வேறு சபையிலிருந்து ஒரு பெரியவர் தேர்வு நடத்த வந்திருந்தார். புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பார். பிள்ளைகள் பயப்படாமல் இருக்கட்டும் என்று அவருக்குப் பின்னால் டீச்சரக்காவுக்கு ஒரு நாற்காலி. மற்ற பிள்ளைகளுக்குச் சுவரோரம் பெஞ்சு.

முதலில் வந்தவள் வக்கீல். பெயர் அதில்லை. எதைச் சொன்னாலும் ஏன், எப்படி என்று குறுக்குக் கேள்வி கேட்பதால் வந்த பட்டம். கடகடவென்று ஒப்பித்தாள், ஒரே ஒரு வார்த்தையில் தடுக்கினாள், தானாகவே சமாளித்து முடித்தாள்.

அடுத்தது பஞ்சு. பஞ்சு மாதிரியே குரல், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். கோயில் வாசலை மிதிக்காத மனுஷன். சபைக்கு வரச்சொல்லி மகள் செய்த நச்சரிப்பு தாங்காமல், "முதல் பரிசு வாங்கு, வர்றேன்" என்று ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பஞ்சு அதை உயிராகப் பிடித்துக்கொண்டது.

அன்பு பிறர் செய்த தீங்கை மனதில் வைத்துக்கொள்ளாது என்று வருகிற இடத்தில் பஞ்சு அப்படியே நின்றுவிட்டது. பெரியவரின் விரலும் நின்றது. டீச்சரக்காவின் உதடு அசைந்தது.

முதல் வார்த்தை சத்தியமாகப் பழக்கதோஷம். ஆனால் பஞ்சுவின் கண் தன் வாயில் வந்து ஒட்டிக்கொண்டதை அவள் பார்த்தாள். அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதிகாரம் முடியும்வரை ஒரு வார்த்தை விடாமல் வாயசைத்தாள். பெரியவருக்கு முதுகில் கண் இல்லை. பெஞ்சில் இருந்த பிள்ளைகளை அவள் மறந்தே போனாள்.

பஞ்சுவுக்கு முதல் பரிசு. வக்கீலுக்கு இரண்டாவது.

அடுத்த ஞாயிறு பாடம் என்ன தெரியுமா? உண்மை பேசுதல். அட்டவணை போட்டவனைச் சபித்துக்கொண்டே டீச்சரக்கா வகுப்புக்குப் போனாள். பொய் என்ற சொல்லுக்கு உதட்டைக் குவித்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லாப் பிள்ளைகளும் அதே சொல்லை அவளைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்கள். வக்கீல் மட்டும் அன்றைக்குக் கேள்வியே கேட்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள். இவளுக்குத் தெரியுமோ? 

போதகரிடம் சொல்லிவிடுவோம் என்று ஆராதனை முடிந்ததும் போனாள். அவள் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். லாரிக்காரரே போன் பண்ணி, பரிசளிப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டாராம். "ஒரு ஆத்துமா உள்ள வருதும்மா, எல்லாம் உங்க கைராசி" என்று அவர் கண் கலங்கினார். இனி எங்கே சொல்வது? சொன்னால் பஞ்சுவின் தலையில் இடி, அப்பன் வந்த வழியே திரும்பிவிடுவான். சொல்லாவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பலகை அறைக்குள் வக்கீலின் கண்ணுக்கு எதிரே உட்கார வேண்டும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வீட்டுக்கு வந்தாள். அந்த வாரம் கடையில் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்து, வாங்க வந்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பரிசளிப்பு நாளும் வந்தது. முதல் பரிசு வாங்கிய பிள்ளை சபைக்கு முன்னால் அதிகாரத்தை ஒப்பிக்க வேண்டும். டீச்சரக்காவை முன்வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு குட்டிப்பெண் அவள்மேல் சாய்ந்திருக்கிறாள், அந்தப் பக்கம் வக்கீல். எழுந்து ஓடக்கூட வழியில்லை. இன்றைக்கு உதடு அசையவே கூடாது என்று, சளி பிடித்தவள் மாதிரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லாரிக்காரர் துவைத்த சட்டையோடு கடைசியில் கதவோரமாக நின்றார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பஞ்சு ஆரம்பித்தது. நன்றாகத்தான் வந்தது. அதே இடத்துக்கு வந்ததும் நின்றது.

பிள்ளையின் கண் டீச்சரக்காவின் வாயைத் தேடியது. அங்கே கைக்குட்டை. கூடத்தில் யாரோ இருமினார்கள். டீச்சரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆண்டவரே, என்னை எங்கேயாவது எடுத்துக்கொண்டு போய்விடும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது பஞ்சுவின் குரல் கேட்டது. விட்ட இடத்திலிருந்து, தடங்கலே இல்லாமல், வார்த்தை வார்த்தையாக. டீச்சரக்கா கண்ணைத் திறந்தாள். பஞ்சு அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மெல்லத் திரும்பினாள். வக்கீல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, தான் உருப்போட்ட அதிகாரத்தை ஒவ்வொரு சொல்லாக, சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தாள்.

முடிந்தது. கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே டீச்சரக்கா கைக்குட்டையை எடுத்துவிட்டு உதட்டை அசைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

வக்கீல் தலையாட்டினாள். "அன்னிக்கே பாத்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

இதென்ன கேள்வி என்பது போல வக்கீல் பார்த்தாள். "அவங்க அப்பா வரணும்ல."

 இத்தனை வருஷம் டீச்சரக்கா வாயால் கற்றுக்கொடுத்ததை இந்தப் பிள்ளை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது! போதகர் பரிசுப் புத்தகத்தைப் பஞ்சுவின் கையில் கொடுக்கும்போது அவள் எழுந்தாள். வக்கீல் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வேணாம், உக்காருங்கக்கா என்றது அந்தச் சின்ன உதடு. அவள் உட்காரவில்லை.

"தேர்வுல பஞ்சுவுக்கு வாயசைச்சுச் சொல்லிக் கொடுத்தது நான்," என்றாள் சத்தமாக, வக்கீலின் தோளில் கையை வைத்து. "பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல. வாரா வாரம் நான் பழக்கினதத்தான் அது செஞ்சுது. முதல் பரிசு இவளோடது. இப்பவும் சொல்லிக் கொடுத்தது இவதான்."

 போதகர் கையில் அடுத்த புத்தகத்தோடு அப்படியே நின்றார். பின்னால் நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க டீச்சரக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

பஞ்சு மேடையிலிருந்து இறங்கி வந்தது. புத்தகத்தை வக்கீலின் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்த தலையை லேசாகச் சாய்த்து, சத்தமில்லாமல் கேட்டது.

"அப்பா போயிட்டாரா?"

வக்கீல் பெஞ்சில் முழங்காலிட்டு நின்று கதவுவரை எட்டிப் பார்த்தாள். பிறகு பஞ்சுவுக்கும் டீச்சரக்காவுக்கும் தெரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

"உக்காந்துட்டாரு."