இரண்டாம் துண்டு

கடைத்தெருவில் அவருக்கு ஆடிட்டர் என்று பெயர். கணக்குப் படித்தவர் இல்லை, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர்தான். ஆனால் எடுத்ததற்கெல்லாம் சந்தேகம். பூட்டின பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். தன் நிழலே பின்னால் வந்தாலும் யாரது என்று திரும்புகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் நம்பிக் கடைச் சாவியைக் கொடுத்தது ஒரே ஒருவனிடம், மனைவியின் தம்பியிடம். எதிர்வரிசையில் பளபளவென்று ஒரு பெரிய கம்ப்யூட்டர் கடை திறக்கும்வரை அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்தக் கடை முதலாளியோடு மச்சினன் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றதை ஆடிட்டர் பார்த்துவிட்டார். என்ன பேசினாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனதுக்குள் போட்டு ஊறவைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட வேலை வந்தது. கம்ப்யூட்டர் ரூமில் உள்ள எல்லாவற்றிலும் தேர்வுக்குள் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற வேண்டும். எல்லாம் கிழட்டுப் பெட்டிகள். பழைய முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவிலிருந்துதான் பூட் ஆகும், அதாவது இயங்கத் தொடங்கும். அந்த முறையிலோ, நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஒரே துண்டாக வைக்க முடியாது. புது சிஸ்டத்தின் முக்கியமான ஃபைல் அதைவிடப் பெரியது. ஆடிட்டர் அதை இரண்டு துண்டாக வெட்டி, மலிவாகக் கிடைத்த ஒரு புது பென் டிரைவில் ஏற்றினார். ஏற்றிய கையோடு அசலையும் நகலையும் ஒப்பிட்டார். அப்பழுக்கில்லாமல் இருந்தது. டிராயரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கடையை மச்சினன் பூட்டினான்.

மறுநாள் பள்ளியில் இன்ஸ்டாலேஷன் பாதியில் நின்றது. இரண்டாம் துண்டைப் படிக்க முடியவில்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி ஏற்றினார், மறுபடி ஒப்பிட்டார், மறுபடி டிராயரில் வைத்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது. எதிர்க்கடைக்காரரும் வந்து இந்த வேலையைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனதாகக் கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னார். வேலியே பயிரை மேய்கிறது என்று ஆடிட்டர் முடிவு கட்டிவிட்டார்.

சாயங்காலம் மச்சினன் கிளம்பும்போது வழியை மறித்தார்.

"நான் வைக்கும்போது நல்லா இருக்கு. காலைல கெட்டுப் போயிருக்கு. நடுவுல கடைல இருந்தது யாரு?"

மச்சினனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வேலையைப் பற்றித்தான் பேசினான். "ஏத்துனதும் அப்படியே செக் பண்ணாதீங்க மாமா. கழட்டி, திரும்பச் சொருகிப் பாருங்க."

கழற்றுகிற சாக்கில் மறுபடியும் கை வைக்கப் பார்க்கிறான் என்றுதான் ஆடிட்டருக்குத் தோன்றியது.

"பையைத் திற," என்றார்.

சாப்பாட்டு டப்பா, ஸ்க்ரூ டிரைவர், மடித்த சட்டை. ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தான். திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு போய்விட்டான். விஷயம் தெரிந்ததும் ஆடிட்டரின் மனைவி சத்தம் போடவில்லை. தன் தம்பி இனி அந்தக் கடைப்படி ஏறமாட்டான் என்று மட்டும் சொன்னாள்.

ஆடிட்டர் அசரவில்லை. மூன்றாம் தடவையும் தானே ஏற்றி, தானே ஒப்பிட்டு, பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தூங்கும்போது தலையணைக்கடியில் வைத்தார். காலையில் பள்ளியில் அது அதே இடத்தில் நின்றது.

இந்தத் தடவை சந்தேகப்பட அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. டீச்சரின் மேசையில் தன் லேப்டாப்பைத் திறந்து, பென் டிரைவைச் சொருகி அதிலிருந்த அசலோடு ஒப்பிட்டார். முதல் துண்டு சரி, இரண்டாம் துண்டு முழுக்கக் குப்பை. ஏற்றியவுடன் கழற்றாமல் ஒப்பிட்டபோதெல்லாம் கம்ப்யூட்டர், பென் டிரைவைப் படிக்காமல், தன் நினைவில் இருந்த நகலைத்தான் காட்டியிருக்கிறது. பென் டிரைவ் போலி. மேலே பதினாறு ஜிபி என்று எழுதியிருந்தது, உள்ளே முதல் துண்டுக்குத்தான் இடம். ஊரையே சந்தேகப்பட்ட மனிதர், தான் வாங்கிய பொருளை மட்டும் சந்தேகப்படவில்லை. அவமானத்தில் அவருக்குக் காது எரிந்தது.

நேரே மச்சினன் வீட்டுக்குப் போனார். தப்பு என்மேல்தான், நீ சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என்று வாசலில் நின்றே சொன்னார். எதிர்க்கடைக்காரரோடு என்ன பேச்சு என்று இப்போதும் அவர் கேட்கவில்லை. அவனே சொன்னான்: வேலைக்குக் கூப்பிட்டார்களாம், வரமாட்டேன் என்றுவிட்டானாம்.

மச்சினன் வந்தான். நல்ல பென் டிரைவில் இருவரும் சேர்ந்து ஏற்றினார்கள், கழற்றிச் சொருகி ஒப்பிட்டார்கள். பள்ளிக்கூட வேலை தேர்வுக்கு முன்பே முடிந்தது. டீச்சர் வாயாரப் பாராட்டினார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று ஆடிட்டர் மனம் குளிர்ந்தார்.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் மச்சினன் தன் பையை மேசைமேல் வைத்து, யாரும் கேட்காமலே, அதன் வாயை அகல விரித்துக் காட்டினான்.

"பாத்துட்டீங்கன்னா கிளம்புறேன் மாமா," என்றான். குரலில் கோபமே இல்லை.

ஆடிட்டர் வேண்டாம்ப்பா என்று கையெடுத்துக் கும்பிடப் போனார். ஆனால் அதற்குள் அவர் கண் பைக்குள் ஒருதரம் போய்த் துழாவிவிட்டு வந்தது. மச்சினன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.